இடப்பெயர்வு வேளாண்மை: பெயர்களும் உரிமையும்

காவிரிக் கழிமுகச் சமவெளியான காரைக்காலில் மலையும் இல்லை, காட்டு வேளாண்மையும் இல்லை. இங்குள்ள மாணவர் 'இடப்பெயர்வு வேளாண்மை'யைப் பாடநூல் அட்டவணையாகவே அறிவர்: வடகிழக்கில் ஜூம், ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் பொடு, மத்தியப் பிரதேசத்தில் பேவர், மேற்குத் தொடர்ச்சி மலையின் கன்னடப் பகுதிகளில் குமரி, கேரளத்தில் பொன்னம். இலங்கைத் தமிழர் இதனைச் சேனைப் பயிர்ச்செய்கை என்பர்.

இவற்றுள் 'பொன்னம்' என்பது மலையாளத்துப் புனமே. ஆங்கில எழுத்தின் வழியே சுற்றிவந்து உருமாறியது என்று கொள்ளலாம். சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் தலைவி கிளி கடியும் தினைப்புனமும் இதே சொல்தான். அயல் வழக்கம்போல் மனப்பாடம் செய்யப்படுவது நம் பழைய வேளாண் சொல்.

பொதுப்பெயரும் தவறான எண்ணத்தைத் தருகிறது. 'இடப்பெயர்வு' என்றதும் அலைந்து திரியும் மக்கள் நினைவுக்கு வருவர். பெரும்பாலும் ஊர் நிலைத்திருக்கும், விளைநிலமே சுழலும். கோடையில் காட்டின் ஒரு பகுதியை வெட்டி உலர்த்தி, மழைக்கு முன் எரிக்கின்றனர். சாம்பல் மண்ணின் புளிப்பைத் தணித்து உரமாகிறது. கேழ்வரகு, சாமை, துவரை முதலியவற்றைக் கலந்து விதைப்பர். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்நிலத்தை விட்டுவிட, பத்துப் பதினைந்து ஆண்டுகள் காடு மீண்டும் வளரும். இத்தரிசுக் காலமே இம்முறையின் உயிர். காடுகளை அரசு அடைத்துக்கொண்டபின் சுழற்சிக்கு இடம் சுருங்கியது. தரிசுக் காலம் குறைந்து மண் கெட்டது. பழியோ உழுகுடிகள்மேல் விழுந்தது.

சென்னை மாகாணத்தில் 1856இல் காடுகளின் காப்பாளராக அமர்த்தப்பட்ட ஹியூ கிளெக்ஹார்ன் குமரியைக் கடுமையாக எதிர்த்தவர். நடு இந்தியாவில் பைகா பழங்குடியினரின் பேவர், 1890இல் வகுக்கப்பட்ட 'பைகா சக்' எல்லைக்குள் ஒடுக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 10ஆம் பிரிவு இவ்வேளாண்மையை உரிமையாக அன்றி, அரசு கட்டுப்படுத்தவும் ஒழிக்கவும் கூடிய சலுகையாகவே கருதுகிறது. மிராசுதாரரின் தயவில் குடிசை போட்டு வாழ்ந்த கழிமுகத்துத் தலித் தொழிலாளர்க்கு இந்தச் 'சலுகை'யின் பொருளை விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் அக்குடிசை மனை உரிமையாவதற்கு 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் வேண்டியிருந்தது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வரலாற்று அநீதியை வெளிப்படையாக ஏற்றது. எனினும் தனிநபர் உரிமையை, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து உண்மையில் கைவசமுள்ள நிலத்துக்கு, அதுவும் 4 எக்டேருக்குள் வரையறுக்கிறது. விதைத்த துண்டு கணக்கில் சேரும். காடாக வளரும் தரிசு விடுபட்டுப்போக இடமுண்டு. ஆகவே தனிப்பட்டாவோடு நின்றுவிடாமல், சுழற்சி நிலம் முழுவதையும் கிராம சபை சமூக உரிமையாகவும், மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாயின் வாழிட உரிமையாகவும் கோரவேண்டியுள்ளது.