டன் என்னும் அளவு: சேவூர் வட்டாரத்தில் குளிர்ச்சியின் கணக்கு

அவிநாசியிலிருந்து புளியம்பட்டிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள சேவூர், வாலீசுவரர் கோயிலாலும் நிலக்கடலை ஏலம் நடைபெறும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தாலும் அறியப்படும் ஊராகும். மூட்டை, குவிண்டால், டன் ஆகிய எடைகள் அன்றாடம் புழங்கும் இவ்வூரில், எந்தத் தராசிலும் ஏற்ற முடியாத வேறொரு டன்னும் இன்று வழங்குகிறது. வீட்டுக்கு ஏசி வாங்கச் செல்பவர் கடையில் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி 'ஒரு டன்னா, ஒன்றரை டன்னா' என்பதே. அந்த டன் இயந்திரத்தின் எடையன்று; அறையின் பரப்பும் அன்று. ஓர் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அறையிலிருந்து எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பதைக் குறிக்கும் அளவு அது. அறையின் நீள அகலத்தை மட்டும் சொல்லி இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம், அந்த அளவு எதை அளப்பதற்காகத் தோன்றியது என்பது மறந்துபோனதால் நிலைத்தது. அதன் வரலாறோ பனிக்கட்டியில் தொடங்கிப் பருத்தி நூலின் வழியாக வளர்ந்ததாகையால், தறிச்சத்தம் ஓயாத இந்த வட்டாரத்துக்கு அயலானதன்று.

இயந்திரங்கள் வருவதற்கு முன் குளிர்ச்சி என்பது கப்பலில் வந்த சரக்காக இருந்தது. 1833 மே மாதத்தில் பாஸ்டனிலிருந்து புறப்பட்ட 'டஸ்கனி' என்னும் கப்பல், பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் ஏரிகளிலிருந்து அறுத்தெடுப்பித்த பனிக்கட்டியில் சுமார் 180 டன்னை ஏற்றிவந்து, நான்கு மாதப் பயணத்தில் உருகியது போக ஏறத்தாழ 100 டன்னைச் செப்டம்பரில் கல்கத்தாவில் இறக்கியது. சென்னையில் அதே வணிகத்துக்காக 1842இல் கடற்கரையோரம் எழுப்பப்பட்ட ஐஸ் ஹவுஸ் இன்றும் விவேகானந்தர் இல்லம் என்னும் பெயரில் நிற்கிறது. பின்னர் நீராவி இயந்திரத்தால் பனிக்கட்டியை உள்ளூரிலேயே செய்ய முடிந்ததும் இக்கடல் வாணிபம் நொடித்தது. ஆனால் அதன் அளவுகோல் மட்டும் அழியவில்லை. பனிக்கட்டி வாங்கிப் பழகியவர்களுக்குக் குளிர்விக்கும் இயந்திரத்தின் ஆற்றலை விளக்க வேண்டியிருந்தபோது, அந்த இயந்திரம் ஒரு நாளில் எத்தனை டன் பனிக்கட்டி உருகுவதற்கு ஈடான வெப்பத்தை உறிஞ்சும் என்று சொல்வதே எளிதாக இருந்தது.

கணக்கு இதுதான். ஒரு பவுண்டு பனிக்கட்டி உருகி நீராவதற்கு 144 பி.டி.யு. வெப்பம் தேவை, ஒரு பவுண்டு நீரின் வெப்பநிலையை ஒரு பாரன்ஹீட் பாகை உயர்த்தும் வெப்பமே ஒரு பி.டி.யு. ஆகும். அமெரிக்க டன்னான 2,000 பவுண்டு உருக 2,88,000 பி.டி.யு. வேண்டும், அதை நாளின் 24 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 12,000 பி.டி.யு. கிடைக்கிறது. இன்றைய மின்கணக்கில் இது சுமார் 3,517 வாட். ஆகவே ஒன்றரை டன் ஏசியை மாட்டுவது, நாளொன்றுக்கு ஒன்றரை டன் பனிக்கட்டியை அறையில் உருகவிடுவதற்கு ஈடானது.

குளிர்ச்சியைக் கணக்கிட்டு இயந்திரம் அமைக்கும் கலை மனிதரின் சுகத்துக்காகப் பிறந்ததன்று. 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்த புகழ்பெற்ற அமைப்பு, நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக, ஈரப்பதம் ஏறி இறங்குவதால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகுவதைத் தடுக்க எழுந்தது. 'ஏர் கண்டிஷனிங்' என்னும் சொல்லோ நேரடியாகப் பருத்தி ஆலையிலிருந்து வந்தது. வட கரோலினாவைச் சேர்ந்த ஆலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிரேமர், நூலையும் துணியையும் தக்க ஈரத்துக்குக் கொண்டுவருவதைக் குறித்து ஆலைகளில் வழங்கிய 'கண்டிஷனிங்' என்னும் தொழிற்சொல்லைக் காற்றுக்கு ஏற்றி 1906இல் அச்சொல்லை ஆக்கினார். பருத்தி இழை ஈரம் ஏறும்போது வலுப்பெறும். காற்று வறண்டால் இழை அறும், பஞ்சுத் தூசி பறக்கும், நிலைமின் ஏறி இழைகள் ஒன்றையொன்று விலக்கும். இதனால் நூற்பாலையில் ஈரப்பதத்தை 55 முதல் 60 விழுக்காட்டளவிலும், நெசவுக்கூடத்தில் அதனினும் மிகுதியாகவும் வைத்திருக்க வேண்டியிருந்தது.

கொங்கு நாட்டு நெசவாளர் இந்த உண்மையைச் சொல்லால் எழுதிவைக்கவில்லையே தவிர, கையால் அறிந்திருந்தனர். குழித்தறியில் நெசவாளரின் கால்கள் இறங்கும் பள்ளம் மிதிகளுக்கு இடம் தருவதோடு, மண்ணின் ஈரத்தைத் தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கிட்டத்தில் நிறுத்தியும் வைத்தது. பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கஞ்சி ஏற்றும் தெருப்பாவு வேலை, வெயில் ஏறிக் கஞ்சி விரைந்து உலர்ந்து இழை முறியும் முன் முடிய வேண்டும் என்பதால், விடியற்காலையிலேயே தொடங்கியது. கோயம்புத்தூரில் 1888இல் ஸ்டேன்ஸ் நூற்பாலை எழுந்ததும், 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகியதும், பின்னர் திருப்பூரில் பனியன் தொழிலும் அவிநாசி, தெக்கலூர், பெருமாநல்லூர் பக்கங்களில் விசைத்தறியும் வேர்கொண்டதும் அதே ஈரக்கணக்கை இயந்திரத்தின் பொறுப்பாக்கின. ஆலைப் பொறியாளர் குளிரூட்டும் அமைப்பை வாங்குமுன், நூற்கும் கதிர்களையும் மோட்டார்களையும் எண்ணி, ஒவ்வொரு மோட்டாரும் உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகக் கூடத்துக்குள் கொட்டும் என்று கணித்து, கூரையும் சுவரும் தரும் வெப்பத்தை அதனுடன் கூட்டி, பின்னரே அளவை முடிவுசெய்தார். நூலுக்குக் காட்டப்பட்ட இந்தக் கவனம், நூலை நெய்தவர் உறங்கும் அறைக்கு இன்றளவும் கிடைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

அந்த அறையின் வரலாறும் இதில் சேர்கிறது. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் உயர்ந்த சேவூர் வட்டாரத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் வெயிலைத் தணித்துவிடுவதால், தாங்க வேண்டிய கோடை பெரும்பாலும் பங்குனி முதல் வைகாசி வரையிலானதே. பழைய கொங்கு வீட்டின் தடித்த மண்சுவரும், ஆசாரம் எனப்படும் கூடமும், நடுமுற்றம் கொண்ட தொட்டிக்கட்டும், இடுக்கு வழியே சூடான காற்றை மேலே வெளியேற்றிய நாட்டு ஓடும் பகல் வெயிலை உள்ளே தங்கவிடாதவை. இரவில் கயிற்றுக் கட்டில் வாசலுக்கு வந்துவிடும். கட்டடம் தார்சு வீடாக, அதாவது காங்கிரீட் தளமிட்ட வீடாக, மாறியபோது மழை ஒழுக்கும் கூரை மாற்றும் செலவும் ஒழிந்தன. அது உண்மையான முன்னேற்றமே. ஆயினும் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துத் தட்டோடு பதிக்கும் வேலை, செலவு கருதிப் பல வீடுகளில் விடப்பட்டது. வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் அடுக்கு அதுவே ஆதலால், ஏசியின் அளவு குறித்த சிக்கல் உண்மையில் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

10 அடிக்கு 12 அடி அறையின் மேல்தளம் சுமார் 11 சதுர மீட்டர். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் வீதம் அதன்மேல் 11 கிலோவாட்டைப் பொழிகிறது. ஒரு டன் இயந்திரம் அகற்றக்கூடிய வெப்பத்தைப்போல் இது மூன்று மடங்கு. இதில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டாலும், வெறும் காங்கிரீட் தளம் அறைக்குள் இறக்கும் வெப்பம் ஏறத்தாழ 1 கிலோவாட் அளவுக்கு எழக்கூடும். தளம் அதைச் சேமித்து வைத்து இரவிலும் மெல்லக் கசியவிடும். எனவே ஒரே அளவுள்ள இரண்டு படுக்கையறைகளுள், மேலே மற்றொரு மாடி உள்ள அறைக்கு ஒரு டன் போதுமாயிருக்க, மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறைக்கு ஒன்றரை டன் தேவைப்படலாம். மேற்குச் சுவரும் அதிலுள்ள கண்ணாடிச் சன்னலும் மாலை வெப்பத்தைக் கூட்டும். ஓய்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் தருவர். தளத்தின்மேல் வெண்பூச்சோ தட்டோடோ இடுவது, இயந்திரத்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் எண்ணிப்பார்க்க வேண்டிய செலவாகும்.

ஈரமும் இக்கணக்கில் உண்டு. சென்னை போன்ற கடலோர ஊரில் ஏசியின் ஆற்றலில் ஒரு பெரும்பங்கு, காற்றின் வெப்பநிலையைக் குறைக்காமல் அதிலுள்ள நீராவியை நீராக்கி வடிப்பதற்கே செலவாகிறது. சேவூரின் வறண்ட கோடையில் அந்தச் சுமை குறைவு. அதனால்தான் நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர்கூலர், சென்னையில் பயன்படாத நாட்களிலும், இங்கு ஓரளவு பயன்படுகிறது. கடலோர ஊருக்குச் சொல்லப்பட்ட கணக்கை அப்படியே ஏற்றுப் பெரிய இயந்திரம் வாங்குவோர் வீண்செலவு செய்கின்றனர். ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகைக் கம்ப்ரஸர் அறைக்கு மிஞ்சியதாக இருந்தால், சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்து நின்று, மீண்டும் கிளம்பி, மின்சாரத்தை மிகுதியாக உண்ணும்; ஈரத்தையும் சரிவர அகற்றாது. தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை இக்குறையைப் பெரிதும் தணித்தது. மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில் பேட்டரியில் விளக்கெரிக்கும் கருவியையே 'இன்வெர்ட்டர்' என்று அழைத்துப் பழகிய ஊர்களில் இப்பெயர் இன்றும் குழப்பம் தருகிறது. இன்வெர்ட்டர் ஏசி மின்வெட்டில் ஓடாது.

அளவைச் சரிபார்க்க உதவும் ஆவணம் இயந்திரத்தின் மேலேயே ஒட்டப்பட்டுள்ளது. எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரச் சீட்டு 2010 முதல் அறை ஏசிகளுக்குக் கட்டாயமானது; பருவம் முழுவதும் தரும் குளிர்ச்சியை உண்ணும் மின்சாரத்தால் வகுத்துச் சொல்லும் புதிய முறை 2018இல் கட்டாயமாக்கப்பட்டது. அம்முறை வெளி வெப்பநிலை 24 முதல் 43 பாகை செல்சியஸ் வரை ஆண்டுக்கு 1,600 மணி நேரம் இயந்திரம் ஓடுவதாகக் கொள்கிறது. சீட்டில் வாட் கணக்கில் தரப்படும் குளிர்விக்கும் திறனே உண்மையான அளவு. ஒன்றரை டன்னுக்கு 5,275 வாட் என்பது கணக்கு, ஆனால் அப்பெயரில் விற்கப்படும் பல இயந்திரங்களில் அதைவிடக் குறைந்த எண்ணைக் காணலாம். அத்திறனும் வெளியே 35 பாகை இருக்கும்போது சோதித்தறிந்தது. வெயில் அதற்குமேல் ஏறும் சித்திரைப் பிற்பகலில் திறன் இறங்கும்.

விசைத்தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் இன்னொன்றும் நிகழ்கிறது. பறக்கும் பஞ்சுத் தூசி வடிகட்டியிலும், வெளியிலிருக்கும் அவுட்டோர் யூனிட்டின் தகடுகளிலும் படிந்து காற்றோட்டத்தை அடைக்க, வாங்கும்போது போதுமானதாக இருந்த இயந்திரம் இரண்டாம் கோடையிலேயே குளிர் பற்றாததாகிவிடுகிறது; வீட்டார் அதை அளவுக் குறை என்று கருதி இரண்டு டன் இயந்திரத்தின் விலையை விசாரிக்கத் தொடங்குகின்றனர். ஆலையில் அந்தத் தூசியை அகற்றுவதற்கென்று ஆளும் நேரமும் ஒதுக்கப்பட்டிருந்தன. வீட்டிலோ அது இன்னும் யாருடைய வேலையும் ஆகவில்லை.