சுழல்துப்பாக்கியின் பாடபேதங்கள்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர், ஒரு சொல் ஓர் ஏட்டில் ஒருவிதமாகவும் பிறிதோர் ஏட்டில் வேறுவிதமாகவும் நிற்கக் கண்டால் அதனைப் பாடபேதம் என்று குறித்துவைத்தனர். 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையரின் உழைப்பில் பெரும்பங்கு இவ்வொப்புநோக்கலே. பழந்துப்பாக்கி சேகரிப்போர் நூற்றாண்டு கடந்த ரிவால்வர் ஒன்றைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து ஆராய்வதும் ஏறக்குறைய அதே பணிதான். கொலைக்கருவிக்கு இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு மலரில் என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். இரும்பில் எழுதியதையும் யாரேனும் வாசிக்கத்தானே வேண்டும்!

அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் (1814–1862) ஹார்ட்ஃபோர்டு நகரில் செய்த ‘1851 நேவி’ என்னும் சுழல்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். ஆறு குண்டு கொள்ளும் உருளை, எட்டுப் பட்டையுள்ள ஏழரை அங்குலக் குழல், 0.36 அங்குல வாய். 1850 முதல் 1873 வரை ஹார்ட்ஃபோர்டில் மட்டும் ஏறத்தாழ 2,15,000 துப்பாக்கிகள் வெளிவந்தன. உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி பொறிக்கப்பட்டிருக்கும். 1843 மே 16ஆம் நாள் டெக்சாஸ் குடியரசின் கடற்படை மெக்சிகோவின் கப்பல்களோடு காம்பெச்சே அருகே பொருத காட்சி அது. பணத்தாள்களுக்குச் சித்திரம் செதுக்கிய ஆர்ம்ஸ்பி என்பவரின் கைவண்ணம். கோல்ட்டின் தொடக்ககாலத் துப்பாக்கிகளை 1839இல் விலைகொடுத்து வாங்கிய கடற்படைக்கு அவர் செலுத்திய நன்றி எனலாம்.

இத்துப்பாக்கி பல ‘பாடங்களில்’ கிடைக்கிறது. விசையைச் சூழ்ந்து நிற்கும் காப்பு வளையம் முதலில் பின்புறம் சதுரமாக இருந்தது. ஏறத்தாழ நாலாயிரமாவது எண்ணுக்குப் பிறகு அது சிறு வட்டமாயிற்று. எண்பத்தையாயிரத்தை ஒட்டிப் பெருவட்டமாயிற்று. குழலைச் சட்டகத்தோடு பிணைக்கும் ஆப்பின் திருகாணி, முதல் ஆயிரத்து இருநூற்றைம்பது அளவில் ஆப்புக்குக் கீழே இருந்தது. பின்னர் மேலே ஏறிவிட்டது. குழலின் மேற்பட்டையில் உள்ள முகவரியும் மாறும்: சிலவற்றில் நியூயார்க், சிலவற்றில் ஹார்ட்ஃபோர்டு, தேம்ஸ் கரையில் கோல்ட் சில ஆண்டுகள் நடத்திய ஆலையில் பிறந்தவற்றில் லண்டன். ஒவ்வொரு மாற்றமும், செய்தவன் தன் படைப்பைத் திரும்பிப் பார்த்துத் திருத்திய கணம். கவிஞர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 1864 பிப்ரவரியில் நேர்ந்த தீயில் ஹார்ட்ஃபோர்டு ஆலையின் பெரும்பகுதி சாம்பலானபின், இத்திருத்தங்களின் வரலாற்றுக்குத் துப்பாக்கிகளே தலையாய சாட்சிகளாக எஞ்சின.

ஆயினும் என் மனத்தை மிகவும் ஈர்ப்பது கோல்ட் செய்யாத ஒரு பாடபேதமே. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்கு ஹார்ட்ஃபோர்டுத் துப்பாக்கிகள் வருவது நின்றது. ஜார்ஜியா மாநிலத்தில் மேக்கன் நகரை அடுத்த கிரிஸ்வோல்ட்வில்லில், பருத்திவிதை நீக்கும் எந்திரங்கள் செய்துவந்த சாமுவேல் கிரிஸ்வோல்ட் தம் ஆலையைத் துப்பாக்கி ஆலையாக மாற்றினார். கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர் அவர். ஹார்ட்ஃபோர்டும் அம்மாநிலத்து ஊரே. 1862 முதல் 1864 வரை அவரும் கன்னிசன் என்பாரும் நேவியைப் பார்த்து ஏறத்தாழ 3,700 துப்பாக்கிகள் செய்தனர்.

அவற்றைக் கையில் எடுத்த மாத்திரத்தில் வேற்றுமை தெரியும். கோல்ட்டின் சட்டகம் இரும்பு, இது பித்தளை. தெற்கில் நல்ல இரும்புக்கும் எஃகுக்கும் பஞ்சம். உருளையைச் செய்யத் தரக்குறைவான இரும்புக் கம்பியைச் சூடாக்கி முறுக்கி வலுவேற்றினர்; அம்முறுக்கின் சாய்ந்த வரிகள் இன்றும் சில உருளைகளில் மங்கலாகத் தென்படுகின்றன. கடற்போர்ச் சித்திரம் இல்லை. எட்டுப் பட்டைக் குழலுக்கு மாறாக உருண்ட குழல். செய்தவர் பெயரும் எங்கும் இல்லை. வரிசை எண்ணும் சில தனி எழுத்துகளும் மட்டுமே. அதனால்தான் நெடுங்காலம் சேகரிப்போர் இவற்றைக் ‘கிரிஸ்வோல்ட் – கிரையர்’ என்று பிழையாக அழைத்துவந்தனர்.

அந்த ஆலையில் துப்பாக்கி செய்தோர் 24 பேர். அவருள் 22 பேர் அடிமைகள். தம்மை அடிமைகளாகவே வைத்திருக்கப் போரிட்ட படைக்கு அவர்கள் ஆயுதம் வடித்தனர். 1864 நவம்பரில் ஷெர்மனின் படையினர் அவ்வாலையைக் கொளுத்தினர். பித்தளைச் சட்டகத்தை விலைப்பட்டியலில் ‘அரிய வகை’ என்று மட்டும் குறித்துவிட்டுப் போகும் சேகரிப்பாளரோடு எனக்கு உடன்பாடில்லை. அப்பித்தளை ஒரு பஞ்சத்தின் பதிவு. முறுக்கிய இரும்பு, பெயர் எழுதப்படாத கைகளின் எழுத்து.

இதனால்தான் போலிகள் பொல்லாதவை. வட்ட வளையம் கொண்ட நேவியைச் சதுர வளையமுடையதாக மாற்றி, எண்ணை அராவித் திருத்தி விற்போர் உண்டு. இதைத் தடுக்கக் கோல்ட்டின் வழக்கமே துணை நிற்கிறது. பாகங்களைக் கையால் பொருத்தியதால் குழல், சட்டகம், வளையம், பிடி, உருளை, ஆப்பு என எல்லாவற்றிலும் ஒரே எண்ணைப் பொறித்தனர். ஓரிடத்தில் எண் மாறினால் பாகம் மாறிற்று என்று பொருள். துருவால் குழிவிழுந்த குழலோடு நேற்றுச் செதுக்கியதுபோன்ற உருளைச் சித்திரம் சேர்ந்திருந்தாலும் ஐயுறவேண்டும். பட்டைகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் பிற்காலத்தார் தேய்த்துப் பளபளப்பேற்றியிருக்கிறார்கள்.

1950களின் இறுதியிலிருந்து இத்தாலியப் பட்டறைகள் நேவியின் மறுபடிகளைச் செய்துவருகின்றன. அவற்றுள் ஒருவகை விந்தையானது: பித்தளைச் சட்டகம், எட்டுப் பட்டைக் குழல், உருளையில் கடற்போர், வாயோ 0.44 அங்குலம். கோல்ட்டும் இவ்வாறு செய்யவில்லை, கிரிஸ்வோல்ட்டும் செய்யவில்லை. இரண்டு ஏடுகளைக் கலந்து எவரோ யாத்த இடைச்செருகல் அது. விளையாட்டாய்ச் சுடுவோர்க்கு அதனால் கேடில்லை. அமிலத்தால் பழமையேற்றி ஜார்ஜியாவில் கண்டெடுத்ததாக விற்கும்போதுதான் வம்பு. இத்தாலியச் சோதனைக்கூடத்தின் முத்திரைகளை அராவி நீக்கியிருப்பார்கள். ஆனால் அவ்விடம் சற்றே பள்ளமாகிவிடும். பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் பள்ளம் நிழலாக விழும்.