படையும் பண்டாரமும்: இலங்கை வரலாற்றிற் படைக் குறைப்பு

அரசுக்கு இன்றியமையாத அங்கங்கள் ஆறனை எண்ணப் புகுந்த திருவள்ளுவர் படையை முதற்கண் வைத்தார். குடியையும் கூழையும் அதனை அடுத்து நிறுத்தினார். படை குடியைக் காப்பது. குடி கூழை விளைப்பது. கூழ் படையை ஊட்டுவது. இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்குமளவும் அரசு நிலைபெறும். படை பெருத்துக் கூழ் சிறுத்தவிடத்து முதலில் நலிவது குடியே என்பதற்கு வரலாற்றில் எடுத்துக்காட்டுகள் பல.

போர்களைப் பற்றியும் படையெடுப்புக்களைப் பற்றியும் நூல்கள் மலிந்து கிடக்கின்றன. திரட்டிய படைகள் எவ்வாறு கலைக்கப்பட்டன, கலைக்கப்பட்டோர் எங்குச் சென்றனர் என்பன பற்றியோ விரிவாக எழுதினார் சிலரே. இன்று நம் நாட்டுக்கு இவ்வினா வெறும் ஏட்டுக் கல்வியன்று. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் இலங்கை அரசு, 2,00,783 என அனுமதிக்கப்பட்டிருந்த தரைப்படையின் தொகையை 2024ஆம் ஆண்டளவில் 1,35,000 ஆகவும், 2030ஆம் ஆண்டளவில் 1,00,000 ஆகவும் குறைக்கவிருப்பதாக அறிவித்தது. 2030ஆம் ஆண்டுக்குரிய இலக்கு, ஆட்சி மாறிய பின்னர் 2025ஆம் ஆண்டிலும் உறுதிசெய்யப்பட்டது. இத்தகைய குறைப்பு எக்காரணத்தாற் செய்யப்படுகிறது? நீக்கப்படுவோர் கதி யாது? படை கைக்கொண்டிருந்த நிலமும் தொழிலும் யாரைச் சேரும்? இம்மூன்று வினாக்களையும் துணையாகக் கொண்டு கடந்த காலத்தை நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும்.

உரோமர் கண்ட வழி

படைக் குறைப்பை ஒரு பெரிய அரசியற் பணியாக முதலில் எதிர்கொண்டோர் உரோமர் எனலாம். உள்நாட்டுப் போர்களிற் பெருகிய படைவீரருக்கு ஊதியமாக நிலம் வழங்க வேண்டியிருந்தது. கி.மு. 41ஆம் ஆண்டில் இத்தாலிய நகரங்கள் பலவற்றைச் சூழ்ந்த வயல்கள் உழவரிடமிருந்து பறிக்கப்பட்டு வீரருக்குப் பங்கிடப்பட்டன. உழவர் வெறுங்கையராய் ஊரை நீங்கினர். கலகமும் பஞ்சமும் தொடர்ந்தன. பின்னர்க் கி.மு. 31இல் அக்தியம் என்னுமிடத்தில் வெற்றிபெற்று ஒக்தேவியன் தனியாட்சி எய்தியபோது அவன் கீழ் அறுபதளவான படையணிகள் இருந்தன. அவற்றை இருபத்தெட்டளவாகச் சுருக்கினான். முன்னைய தவற்றினின்றும் பாடங் கற்ற அவன், இம்முறை வீரருக்கு வழங்கிய நிலங்களை உடையவரிடமிருந்து விலை கொடுத்து வாங்கினான். கி.பி. 6ஆம் ஆண்டில், ஓய்வுபெறும் வீரருக்கெனத் தனியான ஒரு பண்டாரத்தை நிறுவித் தன் சொந்தப் பொருளையும் அதில் இட்டு, முதுசொத்தின் மீதும் விற்பனை மீதும் விதித்த வரிகளை அதற்கு வருவாயாக்கினான். உழவன் நிலத்தைப் பறித்து வீரனைத் திருப்திப்படுத்துவது ஆபத்து என்பதையும், வீரனை வெறுங்கையுடன் அனுப்புவதும் அத்துணை ஆபத்து என்பதையும் உணர்ந்து செய்த ஏற்பாடு இஃது.

ஒல்லாந்தரும் கூலிப்படையும்

நம் நாட்டை நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கடனில் மூழ்கியிருந்தது. இலங்கையில் அதன் கோட்டைகளைக் காத்து நின்றோரிற் பெரும் பகுதியினர் கூலிக்கு அமர்ந்த அந்நியர். அவருள் ஒரு பிரிவினர், சுவிற்சர்லாந்து தேசத்து த மியூறன் என்னும் பிரபுவுக்கு உரிய படையணியினர். 1795ஆம் ஆண்டில் கிளெக்கோண் என்னும் ஆங்கிலேயத் தூதர் அப்பிரபுவுடன் உடன்படிக்கை செய்து அப்படையணியைப் பிரித்தானியரின் சேவைக்கு மாற்றிவிட்டார். அதே ஆண்டு செப்டெம்பர் 28ஆந் தேதி யாழ்ப்பாணக் கோட்டை பெரும் போரின்றிப் பிரித்தானியர் கைப்பட்டது. 1796 பெப்ரவரியிற் கொழும்பும் வீழ்ந்தது. பண்டாரம் வறண்டபின் கோட்டையின் கல்மதில் மட்டும் ஆட்சியைக் காவாது என்பதற்கு யாழ்ப்பாணத்தார் கண்ணெதிரே நிகழ்ந்த சான்று இதுவாகும்.

1864ஆம் ஆண்டின் கிளர்ச்சி

பிரித்தானியர் காலத்திற் படைச் செலவு முதன்முதலாக ஓர் அரசியற் பிரச்சினையாயிற்று. இலங்கையில் நிறுத்தப்பட்ட படையின் செலவை இலங்கையின் வருமானமே தாங்க வேண்டும் என்பது இலண்டனிலிருந்தோரின் கொள்கை. காப்பிப் பயிர் செழித்து வருமானம் பெருகிய காலம் அது. அவ்வருமானம் வீதிகளுக்கும் இருப்புப்பாதைக்கும் பயன்பட வேண்டுமெனத் தோட்டத் துரைமாரும் வணிகரும் வேண்டி நின்றனர். சட்டநிரூபண சபையில் உத்தியோகத்தரே பெரும்பான்மையினராதலின், மற்றையோர் மறுத்தும் பயன் விளையவில்லை. 1864ஆம் ஆண்டில், ஜோர்ஜ் வோல், சாள்ஸ் அம்புரோஸ் லொறன்ஸ் முதலிய உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்கள் கூட்டாகப் பதவி துறந்தனர். அடுத்த ஆண்டில் இலங்கைச் சங்கம் என்னும் அமைப்புத் தோன்றி, நாட்டின் வருமானத்தை நாட்டவரின் பிரதிநிதிகளே மேற்பார்வை செய்ய வேண்டும் எனக் கோரிற்று.

இக்கோரிக்கையை எழுப்பினோர் ஏழைக் குடிகளின் நலங் கருதினர் எனக் கூறுதல் பொருந்தாது. தம் காப்பிப் பொதிகள் துறைமுகஞ் சேர்வதே அவருட் பலரின் முதற் கவலை. ஆயினும், படைக்குச் செலவிடும் பணத்தை அளக்கும் உரிமை யாருக்குரியது என்ற வினா, இந்நாட்டில் அன்றுதான் வெளிப்படையாக எழுந்தது. இலங்கையின் அரசியற் சீர்திருத்தக் கோரிக்கைகளுக்கு ஒரு தொடக்கம் படைச் செலவைப் பற்றிய இப்பிணக்கே என்பது மாணவர் மனங்கொள்ளத் தக்கது.

அந்நாளிற் குடியேற்ற நாட்டு மந்திரியாயிருந்த எட்வேட் காட்வெல், 1868இல் யுத்த மந்திரியாகிக் குடியேற்ற நாடுகளிலிருந்த படைகளைச் சுருக்கலானார். 1873ஆம் ஆண்டில் இலங்கைத் துவக்குப் படை கலைக்கப்பட்டது. அதில் மலாயரே பெருந்தொகையினர். தலைமுறை தலைமுறையாகத் தந்தையும் மைந்தனுமாய் அப்படையிற் சேவித்தோர் அவர். படை கலைந்தபின் அவருட் பலர் பொலிஸ் சேவையிற் சேர்ந்தனர். ஒரு சமூகத்தின் வாழ்க்கை முறையே ஓர் ஆணையினால் மாறிற்று. 1881இல் தொண்டர் படை தோன்றிய போதிலும், இந்நாட்டுக்கென நிரந்தரமான தரைப்படை மீண்டும் அமைவதற்கு 1949ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியிருந்தது.

சுதந்திரத்தின் பின்னர்

சுதந்திர இலங்கையின் முதற் பாதுகாப்பு ஏற்பாடு, 1947ஆம் ஆண்டிற் பிரித்தானியாவுடன் செய்த உடன்படிக்கையில் தங்கியிருந்தது. 1949 ஒக்தோபரில் அமைந்த இலங்கை இராணுவம் சிறியது. அதன் முதலாவது இலங்கைத் தளபதியாக 1955இல் நியமனம் பெற்றவர் தமிழரான அன்ரன் முத்துக்குமாரு என்பதை இன்றைய மாணவருட் பலர் அறியார். 1957ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் இலங்கையிடம் மீண்டன. நாட்டின் மானம் உயர்ந்தது. அத்தளங்களை நம்பிப் பிழைத்த தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். அடையத்தக்க ஒரு நன்மையிலும் யாரோ சிலர் விலை கொடுக்க நேர்வதை இஃது உணர்த்துகிறது.

1962 ஜனவரி 27ஆந் தேதியளவில், படை, பொலிஸ் ஆகியவற்றின் மேலதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கைப்பற்றத் தீட்டிய சதி வெளிப்பட்டது. அரசு தன் படையையே ஐயுறத் தொடங்கியது. தொண்டர் படைப் பிரிவுகள் சில கலைக்கப்பட்டன. கடற்படையிற் புதிதாக ஆட்சேர்த்தல் பல ஆண்டுகள் நின்றது. கப்பல்களின் தொகையும் சுருங்கிற்று. அதே ஆண்டில் கெமுனு என்னும் பெயருடன் புதியதொரு தரைப்படை அணி நிறுவப்பட்டது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினால், அன்று நிகழ்ந்தது வெறுஞ் சிக்கனமன்று என்பது புலனாகும். படையின் அளவைக் காட்டிலும், அதில் யார் இருக்க வேண்டும் என்பதே ஆண்டோரின் சிந்தையை ஆட்கொண்டிருந்தது. பின்வந்த ஆண்டுகளிற் படையிற் சேரும் தமிழரின் தொகை தேய்ந்து சென்றது.

வடபுலத்தின் அனுபவமோ வேறாயிருந்தது. சதிக்கு முந்திய ஆண்டிலே, 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தொடங்கிய சத்தியாக்கிரகம், ஏப்ரலில் அவசரகாலச் சட்டத்தினாலும் இராணுவத்தினாலும் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1963இல், கள்ளக் குடியேற்றத்தைத் தடுக்கும் விசேட படைப் பிரிவு அமைக்கப்பட்டு வடக்குக் கரையிற் காவல் புரிந்தது. நாட்டின் படை சுருங்கிய அக்காலத்திலும் வடக்கிற் படையின் நிழல் சுருங்கவில்லை.

1962ஆம் ஆண்டின் குறைப்பு எத்தகைய அடிப்படையில் நின்றது என்பதை 1971 ஏப்ரல் காட்டிற்று. தென்னிலங்கை இளைஞர் கிளர்ந்தெழுந்து பொலிஸ் நிலையங்களைத் தாக்கியபோது, அரசிடம் போதிய படையுமில்லை, படைக்கலமுமில்லை. இந்தியா, பாக்கிஸ்தான், பிரித்தானியா, சோவியத்து ஒன்றியம் முதலிய நாடுகளிடம் உதவி வேண்ட நேர்ந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர் மாண்டனர். இதிலிருந்து, படையைக் குறைத்தது தவறு என முடிவு கட்டுவோர் உளர். அம்முடிவு முழுமையானதன்று. வேலையற்ற, கல்வி கற்ற இளைஞரின் மனக்குறை வளர்வதைக் காணாதிருந்த அரசுக்கு, பெரும் படை இருந்திருப்பினும் உயிர்ச்சேதம் நேர்ந்தேயிருக்கும். காரணத்தைத் தீர்க்காது கருவியை மட்டும் குறைத்ததே அன்றைய குறைபாடு.

முப்பதாண்டுப் போரின் சுமை

1983ஆம் ஆண்டிற் பன்னிரண்டாயிரம் பேரளவில் இருந்த தரைப்படை, 2009 மே மாதம் போர் முடிவுற்ற காலத்தில் இரண்டு இலட்சத்தைக் கிட்டியிருந்தது. போர் முடிந்தபின் படை சுருங்கும் என்பது உலக வழக்கு. கொஸ்தாரிக்கா என்னும் சிறு நாடு, 1948இல் உள்நாட்டுப் போர் முடிந்த அவ்வாண்டிலேயே நிரந்தரப் படையை ஒழித்தது. இங்கோ அவ்வாறு நிகழவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்த பின்னரே குறைப்புப் பற்றிய பேச்சு வலுத்தது. 2023ஆம் ஆண்டுக்குரிய வரவுசெலவுத் திட்டத்திலும், பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை, கல்வி அமைச்சுக்கும் சுகாதார அமைச்சுக்கும் தனித்தனியே ஒதுக்கிய தொகைகளை விஞ்சியிருந்தது. அச்செலவிற் பெரும் பகுதி சம்பளமும் உணவுமாகும். ஆகவே ஆளைக் குறையாது செலவைக் குறைத்தல் அரிது.

நீக்கப்படுவோர் யாவர்? அநுராதபுரம், குருநாகல் போன்ற மாவட்டங்களின் வறிய கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளே பெரும்பாலோர். மழை பொய்த்த ஆண்டிலும் அவ்வீட்டு அடுப்பை எரியச் செய்தது படைச் சம்பளம். 2024 ஏப்ரல் முதல் மே வரை, விடுமுறையின்றி நீங்கியோருக்குப் பொது மன்னிப்புக் காலம் வழங்கப்பட்டபோது, பதினையாயிரத்துக்கு மேற்பட்டோர் சட்டப்படி விலக முன்வந்தனர். அங்ஙனம் விலகாது தப்பியோடியோருட் சிலர் குற்றக் கும்பல்களுடன் சேர்ந்தமையை அரசே ஒப்புக்கொண்டது. துவக்குப் பிடிக்க மட்டும் பழகிய கைக்கு வேறு தொழில் கற்பியாது அனுப்பினால் விளைவு யாதென்பதை இதனால் அறியலாம். வன்னியிலே சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளிற் சம்பளம் பெற்று வாழும் தமிழ்க் குடும்பங்களும் உள. குறைப்பின் பாரம் அவர் தலையிலும் விழக்கூடும்.

நிலமும் படையும்

புத்தூர், அச்சுவேலி, ஆவரங்கால் ஆகிய ஊர்களில் வாழும் எமக்கு மூன்றாவது வினாவே அணித்தானது. 1995ஆம் ஆண்டின் இறுதியிற் படை இவ்வூர்களினூடாக யாழ்ப்பாண நகரை நோக்கி முன்னேறிற்று. அக்காலத்தில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்குஞ் சென்றனர். எமது ஊரவர் மீண்டு வந்து செம்மண்ணைக் கொத்தி வெங்காயமும் புகையிலையும் நாட்டினர். வடக்கே சில கட்டை தூரத்தில், 1990ஆம் ஆண்டு வீட்டைவிட்டு நீங்கிய வலிகாமம் வடக்கு மக்களின் நிலை அதுவன்று. உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட அவர்தம் நிலங்கள் போரின் பின்னர்ச் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. மூன்று தசாப்தங்களுக்கு மேலாக மூடியிருந்த வசாவிளான் – பலாலி வீதி, 2025 ஏப்ரலில் நிபந்தனைகளுடன் திறக்கப்பட்டது. ஆயினும் ஒரு பகுதி நிலம் அவ்வாண்டிலும் உரியவர் கைக்குத் திரும்பவில்லை. காங்கேசன்துறைக் கரையிற் படையினர் நடத்திய உல்லாச விடுதியும், படைமுகாம்களை அடுத்த தோட்டங்களும், போர்த்தொழிலுக்கு அப்பாற் படை எவ்வளவு தூரம் வேரோடியுள்ளது என்பதைக் காட்டுவன.

ஆட்டொகை குறைந்தால் நிலம் தானே மீளும் எனக் கருதுதல் ஆகாது. நூறு பேர் இருந்த முகாமில் ஐம்பது பேர் இருப்பினும் வேலி அதே இடத்தில் நிற்கலாம். எனவே, வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்படும் எண்ணும், காணி உறுதியில் எழுதப்பட்ட எல்லையும் ஒருங்கே பேசப்படல் வேண்டும். கி.மு. 41இல் நிலம் இழந்த இத்தாலிய உழவன் கேட்ட கேள்வியும், மயிலிட்டியிலும் பலாலியிலும் உறுதியைக் கையில் வைத்திருப்பவன் கேட்கும் கேள்வியும் ஒன்றே.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் அறியக் கிடப்பன சில. பணமுடை ஒன்றே காரணமாகச் செய்யும் குறைப்பு, பணம் வந்தபோது மீண்டும் பெருக்கமாகும். அச்சங் காரணமாகச் செய்யும் குறைப்பு, 1962இற்போல, ஒரு கையாற் குறைத்து மறு கையாற் சேர்ப்பதாய் முடியும். சமாதானம் காரணமாகச் செய்யும் குறைப்பே நிலைக்கும். அதற்கு வேண்டுவன மூன்று: இனங்களுக்கிடையே நீதியான அரசியல் தீர்வு, நீக்கப்படும் வீரனுக்குத் தொழிலும் ஓய்வூதியமும், நிலமுடையவனுக்கு அவன் நிலம்.

1864ஆம் ஆண்டில் ஒரு சிலர் கேட்ட கேள்வியை இன்று கேட்கும் உரிமை வாக்குரிமை பெற்ற யாவருக்கும் உண்டு. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் வைக்கப்படும்போது, பாதுகாப்பு என்னுந் தலைப்பின் கீழுள்ள தொகையையும் கல்வி என்னுந் தலைப்பின் கீழுள்ள தொகையையும் அருகருகே எழுதிப் பார்த்தல் வரலாறு பயிலும் மாணவர்க்கு ஏற்றதொரு பயிற்சி. 2030ஆம் ஆண்டு வருமுன் இன்று எம் வகுப்புக்களில் இருப்போர் பலர் வாக்காளராகிவிடுவர். அவ்வெண்கள் எவ்வாறு மாற வேண்டும் என்பதை அவரும் தீர்மானிப்பர்.