பிழையான நிலைபொருளைப் பணிசெயல் முறைமைகள் கையாளும் விதம்

கணினியைப் போட்டதும் முதலில் இயங்குவது விண்டோஸோ லினக்ஸோ அல்ல, தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள். 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த பயோஸும் அதன் இடத்தைப் பின்னர் பிடித்த யூஈஎஃப்ஐயும் இவ்வகையைச் சேர்ந்தவை. நினைவகம் எங்கே இருக்கிறது, விசிறி எப்போது சுழல வேண்டும், மூடியை மடித்தால் எப்படி உறங்குவது என்ற விபரங்களை நிலைபொருள் அட்டவணைகளாகத் தருகிறது. பணிசெயல் முறைமை அவற்றை நம்பி வேலையைத் தொடங்குகிறது. இவ்வட்டவணைகளுக்கான ஏசிபிஐ தரநிலையை இன்டெல், மைக்ரோசொப்ட், தோஷிபா ஆகியன 1996இல் வெளியிட்டன.

தரநிலை இருந்தும் அட்டவணைகள் பல வேளைகளில் பிழையாகவே வருகின்றன. விற்பனைக்கு வரும் காலத்து விண்டோஸில் இயந்திரம் ஓடினால் போதும் என்று பல உற்பத்தியாளர்கள் சோதனையை நிறுத்திவிடுவது முக்கிய காரணம். இதனால் லினக்ஸ் ஒரு விசித்திரமான வழியை ஏற்க வேண்டியதாயிற்று. ‘நீ விண்டோஸின் இந்தப் பதிப்பா?’ என்று நிலைபொருள் கேட்டால் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் ‘ஆம்’ என்கிறது, ‘நீ லினக்ஸா?’ என்று கேட்டால் வழமையாக ‘இல்லை’ என்கிறது. சோதித்துப் பார்க்கப்பட்ட பாதை முதலாவது கேள்விக்குப் பின்னால்தான் இருக்கிறது.

பிழையைக் கண்டதும் என்ன செய்வது? விண்டோஸ், ஏசிபிஐ கோளாறு கடுமையாக இருந்தால் ஏ5 என்ற குறியெண்ணோடு நீலத்திரையில் நின்றுவிடும். லினக்ஸ் கூடியவரை சமாளித்துக்கொண்டு ஓடும், ஆனால் குற்றத்தைப் பதிவு செய்யும். இதற்காக 2008இல் கேர்னலில் மூன்று முன்னொட்டுகள் சேர்க்கப்பட்டன. நிலைபொருள்தான் தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் ‘ஃபர்ம்வெயார் பக்’. கேர்னலே எதையாவது குழப்பியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் ‘ஃபர்ம்வெயார் வோர்ன்’. தீங்கற்ற சந்தேகத்துக்கு ‘ஃபர்ம்வெயார் இன்ஃபோ’. முதலாவதைப் பயன்படுத்துபவருக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: கேர்னல் நிரலைப் புரட்டாமல், அந்த ஒற்றை வரியை வாசித்தே பயோஸ் எழுதியவர் தன் பிழையைத் திருத்தவோ, குறைந்தது இன்னதென்று புரிந்துகொள்ளவோ முடிய வேண்டும். திருத்த வேண்டியவரை மனதில் வைத்து எழுதப்பட்ட, மிக நேர்மையான விதி இது. பாரதூரமான பிழையைச் சுற்றிப் போகும்போது கேர்னல் தன் மீதே ‘ஐ’ என்ற கறைக்குறியையும் இட்டுக்கொள்கிறது. பின்னர் வரும் எந்த முறைப்பாட்டை ஆராய்பவருக்கும் அது தெரியும். குறித்த மாதிரிக் கணினிகளின் கோளாறுகளுக்கென, உற்பத்தியாளர் பெயரையும் மாதிரியையும் கொண்டு அடையாளம் காணும் பட்டியல்களும் கேர்னலுக்குள் உள்ளன.

குற்றம் சாட்டுமுன் உறுதி வேண்டும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2013இல் சில சம்சுங் மடிக்கணினிகள் லினக்ஸை ஏற்றியதும் மீள முடியாமல் செயலிழந்தன. முதலில் லினக்ஸ் சாரதி மென்பொருள் மீது பழி விழுந்தது. யூஈஎஃப்ஐ மாறிகளுக்கான சேமிப்பிடம் நிரம்பும்போது நிலைபொருள் குலைவதே காரணம் என்றும், விண்டோஸிலிருந்தும் அதே சேதத்தை உண்டாக்கலாம் என்றும் கேர்னல் நிரலாளர் மத்தியூ கரெட் காட்டினார். அச்சேமிப்பிடம் நிரம்பிவிடாதபடி கேர்னலில் தடை வைக்கப்பட்டது. 2017 டிசம்பரில் நடந்தது நேர்மாறு. லினக்ஸ் வெளியீடான உபுண்டு 17.10ஐ நிறுவிய சில லெனோவோ கணினிகளில் பயோஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியாமல் போனது; அங்கே தவறு கேர்னலின் இன்டெல் எஸ்பிஐ சாரதியில் இருந்தது. உபுண்டுவை வெளியிடும் கனொனிக்கல் நிறுவனம் பதிவிறக்கத்தை நிறுத்தி, 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பை வெளியிட்டது.

புளத்கொகுபிட்டியவிலோ யட்டியாந்தோட்டையிலோ கைமாறி வந்த பழைய மடிக்கணினியில் உபுண்டு போடும் மாணவருக்கும் இது அருகிலுள்ள விடயமே. கேர்னலின் பதிவுகளைக் காட்டும் ‘dmesg’ கட்டளையில் தெரியும் ‘ஃபர்ம்வெயார் பக்’ வரி, கணினியின் மாதிரி, பயோஸ் பதிப்பு, திகதி ஆகியவற்றை உபுண்டுவின் பிழைப் பதிவேட்டில் சேர்த்தால் அது பயன்படக்கூடிய முறைப்பாடாகும். கனொனிக்கல் உருவாக்கிய ‘எஃப்டபிள்யூடிஎஸ்’ சோதனைத் தொகுதி அட்டவணைகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்துக் குறைகளைச் சொல்லும். ரிச்சர்ட் ஹியூஸ் 2015இல் தொடங்கிய எல்விஎஃப்எஸ் சேவை வழியாக உற்பத்தியாளர்கள் திருத்திய நிலைபொருளை லினக்ஸ் பயனர்களுக்கு நேரடியாக அனுப்புகிறார்கள். லெனோவோ 2018இல் அதில் இணைந்தது. நிலைபொருளை மாற்றும் நடுவில் மின்சாரம் போனால் தாய்ப்பலகையே பயனற்றுப் போகலாம் என்பதால், மின்வெட்டுள்ள ஊர்களில் பற்றரியை நிறைத்து, மின்னிணைப்பையும் கொடுத்தபின்தான் தொடங்க வேண்டும். உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்திவிட்ட மாதிரிகளுக்கு இந்தப் புதுப்பிப்புகள் வருவதில்லை. அவற்றின் பிழைகளைச் சுமந்து திரிவது கேர்னலின் பட்டியல்கள் மட்டுமே.