கொட்டாரம்

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் உருளை வடிவில் ஓங்கி நிற்கும் பழைய செங்கல் கட்டடங்களை நின்று பார்ப்பவர் குறைவு. நெல் சேமித்த கொட்டாரங்கள் அவை. வட்டச் சுவரில் மூலை கிடையாது. தானியம் தேங்காது, பாரமும் ஒரே சீராகப் பரவும்.

நெல்லைக் கொட்டுவதால் கொட்டாரம் என்பது கேட்க இனிமையாக இருந்தாலும், வேர் வடமொழியின் ‘கோஷ்டாகாரம்’. கோஷ்டம் சேமிப்பறை, ஆகாரம் இங்கே உணவல்ல, இல்லம். பிராகிருதத்தில் தேய்ந்து தமிழுக்கு வந்தது. மலையாளத்திலோ அரண்மனைக்கே அந்தப் பெயர். நெல் இருந்த இடத்தில்தான் அதிகாரமும் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

அது இன்றும் மாறவில்லை. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியதும் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. அமெரிக்காவில் நம்மவர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தார்கள். 1996 உலக உணவு மாநாடு உணவுப் பாதுகாப்புக்குத் தந்த விளக்கத்தில் ‘எல்லா மக்களுக்கும், எல்லாக் காலத்திலும்’ என்ற நிபந்தனை உண்டு. எல்லாக் காலத்திலும் என்றால் கொட்டாரம் வேண்டும். காவிரியில் தண்ணீர் வந்து நெல் விளைந்தால் மட்டும் போதாது; அது கொட்டாரம் சேரவும் வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் நெல்லை எடுப்பதில்லை; மழைக்காலத்தில் தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுத வேண்டியிருக்கிறது. பதில் வரும்வரை குவியல் தார்ப்பாய்க்குக் கீழே முளைவிடுகிறது. விவசாயி இரவெல்லாம் அங்கேயே படுத்துக் கிடக்கிறார்.