பூபதி என்றொரு தவக்களை

குற்றால சீசன்னா நமக்கு சாரல், அருவிக்குளியல், பார்டர் புரோட்டா. அவ்வளவுதான். சின்ன வயசுல ஓடையில தலைப்பிரட்டை புடிச்சு, பாட்டில்ல போட்டு, மீன்குஞ்சுன்னு ஊரை ஏமாத்தினவன் நான். அதை வச்சு டாக்டர் பட்டமே வாங்கலாம்னு அப்ப யாரும் சொல்லலை. பொட்டி தட்ட வந்துட்டேன்.

மேற்குத்தொடர்ச்சி மலையில் ஒரு வினோதமான தலைப்பிரட்டை 1918-லேயே பதிவாகியிருந்தது. வேகமா ஓடுற தண்ணியில பாறையை வாயால கவ்விக்கிட்டு நிற்கிற ரகம். வளர்ந்தா என்னவாகும்? 2003 அக்டோபரில்தான் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போஸ்யூட்டும் 'நேச்சர்' இதழில் இடுக்கியின் ஊதாத் தவளையை அறிமுகப்படுத்தினார்கள். பன்றி மாதிரி மூக்கு. வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே வாசம். மரபணுவைப் பார்த்தால், நெருங்கிய சொந்தம் இருப்பது கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில்! 10 கோடி வருஷத்துக்கும் முன்னாடி பிரிந்த குடும்பம்.

அது கேரளா கதை. நம்ம கதைக்கு தென்காசியிலிருந்து மதுரை ரோட்டுல வடக்கே போகணும். இடது பக்கம் மலை கூடவே வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டில், அதே மலையின் கிழக்குச் சரிவில், இன்னொரு மூக்குத் தவளை. பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி. ஆனா மரபணு வேற. ஜெகத் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் உள்ளிட்டோர் 2017-இல் தனி இனம்னு அறிவித்து, 'நாசிகாபட்ராகஸ் பூபதி' என்று பேர் வைத்தார்கள். கோவை சலீம் அலி மையத்தின் ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக. அவர் 2014 ஏப்ரலில் அகத்தியமலையில் கள ஆய்வுக்குப் போன இடத்தில், விபத்தில் இறந்துபோனார்.

பேருல என்ன இருக்குங்கறீங்களா? ரெண்டும் ஒண்ணுன்னே நினைச்சிருந்தா, இங்கே ஒரு ஓடை வற்றும்போது, 'கேரளாவுல நிறைய இருக்கே'ன்னு விட்டிருப்போம். தொலைச்சதே தெரியாமத் தொலைச்சிருப்போம்.

ரெண்டு ஃபைலை வச்சு வித்தியாசம் தேடுறது நம்ம தினப்படி பொழப்பு. அவங்க ஏ, டி, ஜி, சி-ங்கற நாலு எழுத்துல தேடுறாங்க. ஹைதராபாத் சி.சி.எம்.பி., பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் சூழலியல் மையம்னு இதுக்கு இடம் இருக்கு. நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். கிடைச்சா, மாசாமாசம் உதவித்தொகையும் உண்டு.

வீட்டுல யாராவது பாட்டிலும் தலைப்பிரட்டையுமா வந்தா திட்டாதீங்க மக்கா. இப்படி ஒரு படிப்பு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லி வைங்க.