கொரட்டூர் ஓட்டு வீடுகளின் கணக்கு

ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஓட்டின் விலையை. கணக்கு அங்கேயே தப்பிவிடுகிறது. நன்றாகச் சுட்ட ஓடு மூன்று தலைமுறை உழைக்கும். அதைத் தாங்கும் மரமும், முகட்டில் பூசிய சாந்தும், கூரைமேல் ஏறி வேலை செய்யத் தெரிந்த கையும்தான் முதலில் போகின்றன. சென்னையின் மேற்குப் புறநகரான கொரட்டூரின் பழைய ஊர்ப்பகுதியில் மிஞ்சியிருக்கும் சில ஓட்டு வீடுகளுக்கு இன்று ஆகும் செலவு மலைப்பாகத் தெரிவதற்கும் ஓட்டின் விலை முதற்காரணம் அல்ல. ஒரு காலத்தில் ஆண்டுதோறும் சிறுகச் சிறுக ஊருக்குள்ளேயே தீர்ந்துகொண்டிருந்த செலவு அது. நூற்றைம்பது ஆண்டுகளில் அது படிப்படியாக ஊரைவிட்டு வெளியேறி, என்றோ ஒருநாள் மொத்தமாகத் தலையில் விழும் செலவாகிவிட்டது. வீட்டுக்காரர் இதைப் புரிந்துகொண்டால்தான் தன் கையில் நீட்டப்படும் மதிப்பீட்டைப் படிக்க முடியும்.

மங்களூர் ஓடு வருவதற்கு முன்பு இந்தப் பக்கத்து வீடுகளில் இருந்தது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் ஒருபக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் ஒரு குழாயை வனைவார். ஈரம் காய்வதற்குள் அதன் நெடுகில் இரண்டு பக்கமும் கீறல் போட்டுவிடுவார். சூளையிலிருந்து எடுத்தபின் லேசாகத் தட்டினால் குழாய் இரண்டாகப் பிளந்து இரண்டு ஓடுகள் கிடைக்கும். மல்லாத்தி ஒரு வரிசை, அதன் விளிம்பை மூடிக் கவிழ்த்து ஒரு வரிசை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஆணியும் இல்லை, கம்பியும் இல்லை. தன் எடையாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய நெருக்கத்தாலுமே அது நின்றது. அதனால் குரங்கு ஓடினாலும் பூனை ஓடினாலும் காற்று அடித்தாலும் ஓடு நகரும். சென்னையைச் சுற்றி ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதத்திலேயே கொட்டிவிடும். ஆகவே மழைக்கு முன்னால் கூரையைப் பிரித்து, உடைந்ததைக் கழித்து, மீண்டும் அடுக்கும் ‘ஓடு மாற்றும்’ வேலை ஒவ்வோர் ஆண்டும் வந்தே தீரும். கூரையைத் தாங்கியது பனங்கையும் மூங்கிலும்தான். மண் ஏரி, தாங்கல்களிலிருந்து வந்தது.

அந்த உழைப்புக்கு ஊர் எப்படிக் கூலி கொடுத்தது என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டு ஜாகீரின் ஊர்களைக் கணக்கெடுத்தார். இன்றைய சென்னையின் மேற்குப் புறநகர்கள் அந்த ஜாகீரின் வட்டாரம். களத்துமேட்டில் நெல் அளக்கும்போதே தச்சர், கொல்லர், குயவர் முதலியோருக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று அந்தக் கணக்குகள் ஊர் ஊராகச் சொல்கின்றன. ஓட்டுக்கும் புதுச்சட்டத்துக்கும் தனியே ஏதாவது கொடுத்திருக்கலாம்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓடு செய்பவரும் மரம் இழைப்பவரும் நடந்துபோகும் தூரத்திலேயே இருந்தார்கள், அவர்களை அங்கே நிறுத்திவைத்த செலவை விளைச்சல் ஏற்றது என்பதுதான் இங்கே முக்கியம். பராமரிப்பு மலிவாக இருந்ததாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், அதன் பெரும்பகுதி வீட்டுக் கணக்கில் எழுதப்படாததே.

இந்த ஏற்பாட்டை முதலில் அசைத்தது மங்களூர் ஓடு. ஜெர்மன் மிஷனரி ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரின் ஜெப்பு பகுதியில், நேத்ராவதிக் கரையில் பாசல் மிஷனின் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் தட்டையான ஓடு, பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் ஜிலார்டோனி சகோதரர்கள் 1841இல் உரிமம் பெற்ற வடிவத்தைத் தழுவியது. பின்னர் கோழிக்கோடு, கொடக்கல், பாலக்காடு, 1905இல் ஃபெரோக் என்று மலையாளக் கரையெங்கும் தொழிற்சாலைகள் பெருகின. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856இல் திறந்த தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1862இல் பேப்பூரைத் தொட்டது. ஃபெரோக்கும் பாலக்காடும் அந்தப் பாதையில் இருப்பவை. கொரட்டூரும் அதே பாதையில் இருப்பது. சூளை நானூறு மைல் தள்ளிப்போன பின்னும் ஓடு பக்கத்து ஊரில் இறங்கும் வசதி வந்தது.

புது ஓட்டின் மேன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஒரு சதுரம், அதாவது நூறு சதுர அடிக்கு நூற்று நாற்பது சொச்சம் ஓடு போதும். எடை சுமார் முந்நூற்றைம்பது கிலோ. ஓட்டின் முதுகில் இருக்கும் குமிழ் ரீப்பரில் மாட்டிக்கொள்ளும். காற்று அதிகமுள்ள இடத்தில் துளையில் கம்பி கோத்துக் கட்டலாம். ஆண்டுதோறும் பிரித்து மாற்றும் தொல்லை போயிற்று. ஆனால் ஓட்டுக்கு ஓடு இடைவெளி தவறக்கூடாது என்பதால் கோணல் பனங்கை ஆகாது. இழைத்த நேர்ச்சட்டமும் ஒரே அளவில் அடித்த ரீப்பரும் வேண்டும். ஊர் மரமும் ஊர்க் களிமண்ணும் கூரையைவிட்டுப் போய், மரக்கடையும் தொழிற்சாலையும் வந்தன. ஆண்டு வேலை நின்றதால் ஓடு மாற்றும் கையும் குறைந்தது. அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1955இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வந்தபின் மாதச் சம்பளத்தைவிட்டு யாரும் ஓட்டுக் கூரையில் ஏறக் காத்திருக்கவில்லை. அவர்கள் செய்தது சரியான முடிவு. அதன் விளைவை மட்டும் நாம் மதிப்பீட்டுத் தாளில் இன்று பார்க்கிறோம்.

அந்தத் தாளில் ஓட்டின் விலை ஒரே ஒரு வரிதான். பிரிக்கும் கூலி, சாரம், ஏற்றி இறக்கும் கூலி, கரையான் தின்ற கைமரம், உளுத்த ரீப்பர், முகட்டு ஓட்டின் பூச்சு ஆகியவை மற்ற வரிகள். இவற்றையெல்லாம் சேர்த்து ‘மொத்தமாக இவ்வளவு’ என்று எழுதித் தருபவரிடம் சதுரக் கணக்கில் பிரித்து எழுதித் தரச் சொல்ல வேண்டும். ஒரு மூலையில் ஒழுகுகிறது என்பதற்காக முழுக்கூரையையும் மாற்றச் சொன்னால், முதலில் உள்ளேயிருந்து மரத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் திடமாக இருந்தால் ஓட்டைப் பிரித்துத் தூசு தட்டி மீண்டும் வேய்வதே போதும். புது ஓடு வாங்குவதிலும் ஒரு சிக்கல். ஒரு தொழிற்சாலையின் ஓடு இன்னொன்றின் ஓட்டோடு சரியாகக் கோக்காது. நடுவில் கால் அங்குலம் தூக்கி நின்றாலே காற்றோடு வரும் மழை உள்ளே நுழையும். ஆகவே முதுகில் உள்ள முத்திரையைப் படித்துக்கொண்டு, இடிப்புச் சாமான் கடையில் அதே முத்திரையைத் தேடுவதே நல்லது. பாசல் மிஷன் ஓட்டில் 1865 என்று இருந்தால் அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஓடு செய்த ஆண்டு என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். முகட்டை வெறும் சிமெண்டால் பூசினால் வெயிலில் விரிந்து சுருங்கி வெடிக்கும். சுண்ணாம்பு கலந்த சாந்து கொஞ்சம் வளைந்துகொடுக்கும்.

இத்தனை பாடு எதற்கு, கான்கிரீட் போட்டுவிட்டால் தீர்ந்தது என்பது நியாயமான எதிர்வாதம்தான். வீட்டுவசதி வாரியம் கொரட்டூரில் கட்டியதும் கான்கிரீட் தளத்தைத்தானே? ஆனால் அந்தத் தளத்தின்மேல் ஏறிப் பாருங்கள். பல மொட்டைமாடிகளில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, அதன்மேல் சுட்ட தட்டோடுதான் பதித்திருக்கும். ஓடு சரிவிலிருந்து தட்டைக்கு வந்ததே தவிர, வீட்டைவிட்டுப் போகவில்லை. அதன் இணைப்பில் விரிசல் விட்டால் தண்ணீர் அடியில் தங்கி, கம்பியைத் துருவேற்றி, சிமெண்டைப் பெயர்க்கும். சரிந்த கூரையில் ஒழுகுமிடம் அன்றே தெரியும்; தளத்தில் தெரிவதற்கு ஆண்டுகள் ஆகும், அப்போது செலவும் பலமடங்கு. பழைய வீட்டின் சுவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கு அங்குலத் தளமே ஒரு சதுரத்துக்கு இரண்டேகால் டன்னுக்கு மேல். முந்நூற்றைம்பது கிலோவைச் சுமந்த மண்சாந்துச் சுவர் அதைத் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்காமல் ஓட்டை இறக்குவது ஆபத்து. தகர ஷீட்டு சுவரைக் காப்பாற்றும் என்றாலும் சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் எத்தனை ஷீட்டுகளைத் தூக்கியது என்பதை இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. புயலில் ஓடும்தான் சரியும். ஆனால் சரிந்த ஓட்டை ஒவ்வொன்றாக மாற்றலாம்.

இன்னும் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஓட்டுக் கூரை எல்லாருக்கும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. மலபாரில் கோயிலுக்கும் அரண்மனைக்கும் அப்பால் ஓடு வேய கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் அனுமதி வேண்டியிருந்தது. நம் பக்கத்திலும் ஓடு வசதியின் அடையாளம். கீற்றுக் குடிசையில் இருந்தவர்கள்தான் தீயில் எல்லாவற்றையும் இழந்தார்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்ததும், 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்றும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்ததும் அந்த அநீதிக்கு எதிரான வேலைகள். அவற்றை எதிர்த்து ஓட்டைப் போற்றுவது என் நோக்கம் இல்லை. குடிசைக்குப் பதில் கான்கிரீட் என்பது வேறு, நன்றாக நிற்கும் ஓட்டுக் கூரையைக் கணக்குப் பார்க்காமல் இடிப்பது வேறு.

கொரட்டூர் 2011இல் அம்பத்தூர் நகராட்சியோடு சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது முதல் மனையின் விலையே வீட்டின் விதியைத் தீர்மானிக்கிறது. இடித்துக் கட்டுவது என்று முடிவு செய்தவர்களை யாரும் தடுக்க முடியாது. வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியில் ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் கேட்ட கூலி கொடுக்க வேண்டிவரும். இறக்கிய ஓட்டில் முழுதாக இருப்பதை விற்றுவிடாமல் ஐம்பதையாவது கொல்லையில் அடுக்கி வையுங்கள். அடுத்த முறை உடைகிற ஓட்டுக்கு ஈடு கடையில் கிடைக்காமல் போகலாம்.